தணிந்துபோன குரலுக்கு ஒரு குரல்பெருக்கி: தேர்ந்தெடுப்பது முதல் அன்றாடம் பழகுவது வரை

என் தந்தை முப்பத்திரண்டு ஆண்டுகள் அரசுப் பள்ளியில் தமிழாசிரியராக இருந்தவர். அறுபது மாணவர்கள் அமர்ந்த வகுப்பில் கடைசி பெஞ்சு வரை கேட்ட அவருடைய குரல், பார்க்கின்சன் நோய் வந்த நான்காம் ஆண்டில் பக்கத்து நாற்காலிக்குக்கூடப் போய்ச் சேரவில்லை. ஒரு நாள் காலை வாசலுக்கு வந்த காய்கறி வண்டிக்காரரிடம் "கால் கிலோ கொத்தவரங்காய்" என்று மூன்று முறை கேட்டார். "கேக்கல சார், இன்னொருக்கா சொல்லுங்க" என்று அவர் நான்காம் முறை காதைக் கொடுத்ததும், கைக்கு எட்டிய கத்தரிக்காயைத் தொட்டுக் காட்டி அதையே வாங்கிக்கொண்டு அப்பா உள்ளே வந்துவிட்டார். எங்கள் வீட்டில் கத்தரிக்காயை அவர் ஒருவர்தான் சாப்பிட மாட்டார்.

அதன் பிறகு இந்த ஆறு ஆண்டுகளில் நான்கு குரல்பெருக்கிகளும் எண்ணிக்கை மறந்துபோன மைக்குகளும் எங்கள் வீட்டுக்கு வந்து போயின. சுற்றுலா வழிகாட்டிகளும் ஆசிரியர்களும் இடுப்பில் கட்டிக்கொள்கிறார்களே, அதே சிறு பெட்டிதான். கடைகளில் "டீச்சர் மைக்" என்று கேட்டால் எடுத்துத் தருவார்கள். நரம்பு நோயாலோ தசை நோயாலோ குரல் தணிந்தவர்களுக்கு என்று தனியாக ஒரு கருவி தேவையில்லை. ஆனால் அதைத் தேர்ந்தெடுக்கும் முறையும் அணியும் முறையும் பழகும் முறையும் நல்ல குரலுள்ள ஆசிரியருக்கு உரியவற்றிலிருந்து பெரிதும் மாறுபடும். பணத்தை வீணாக்கி நாங்கள் கற்றுக்கொண்டதில் ஒன்றை மட்டும் சொல்லச் சொன்னால், பெட்டியின் வாட் கணக்கைப் பார்ப்பதைவிட வாய்க்கும் மைக்குக்கும் இடையே உள்ள இரண்டு விரற்கடைத் தூரத்தைப் பாருங்கள் என்றுதான் சொல்வேன். ஏன் என்பதைக் கீழே விளக்குகிறேன்.

முதல் படி: குறைந்திருப்பது ஒலியா, தெளிவா?

குரல்பெருக்கி புதிதாகக் குரலை உண்டாக்குவதில்லை. உள்ளே போவதையே பெரிதாக்கி வெளியே அனுப்புகிறது. சொற்கள் தெளிவாக இருந்து ஒலி மட்டும் தணிந்திருந்தால் அது பெருந்துணை. சொற்களே குழறினால், குழறலைத்தான் ஊருக்குக் கேட்கும்படி ஒலிக்கும். ஆகவே கடைக்குப் போவதற்கு முன் இவ்விரண்டில் எது என்பதைக் கண்டறிய வேண்டும். அதற்கு ஒரு செலவும் இல்லை.

அமைதியான அறையில் அவரை அமரச் செய்து, உங்கள் மொபைலின் மைக்கை அவர் வாயின் ஓரத்தில் இரண்டு விரற்கடைத் தூரத்தில் பிடித்து, இருபது தனிச் சொற்களைச் சொல்லச் சொல்லிப் பதிவு செய்யுங்கள். வாக்கியங்கள் வேண்டாம், "சாப்பாடு ஆயிற்றா" என்பதன் பாதியைக் கேட்டாலே மீதியை நாம் ஊகித்துவிடுவோம். பல், பால், பள்ளம், பழம், மரம், மடம், தட்டு, தொட்டி, பத்து, பட்டு என்பன போன்ற, ஓர் எழுத்து மாறினால் பொருள் மாறும் சொற்களையும், சில எண்களையும், ஊர்ப் பெயர்களையும் கலந்து கொடுங்கள். பிறகு அந்தப் பதிவை, பேசும்போது அருகில் இல்லாத ஒருவருக்கு, ஒலியை முழுவதும் உயர்த்திப் போட்டுக் காட்டி, கேட்டதை எழுதச் சொல்லுங்கள். இருபதில் பதினைந்துக்கு மேல் சரியாக எழுதினால் தயங்காமல் கருவி வாங்கலாம். பத்துக்குக் கீழே போனால் பேச்சுப் பயிற்சியாளரைப் பார்ப்பதே முதல் வேலை. இந்த எண்கள் மருத்துவ அளவுகோல் அல்ல. எங்கள் அனுபவத்தில் நாங்கள் வைத்துக்கொண்டவை.

பார்க்கின்சன் உள்ளவர்களுக்கு இந்தச் சோதனையை இருமுறை செய்வது நல்லது: மருந்து நன்றாக வேலை செய்யும் நேரத்தில் ஒரு முறை, அடுத்த வேளை மருந்துக்கு முன் ஒரு முறை. அப்பாவுக்குக் காலை பத்து மணிப் பதிவும் பிற்பகல் மூன்று மணிப் பதிவும் இருவேறு ஆட்களுடையவைபோல இருந்தன.

இரண்டாம் படி: மருத்துவரைத் தவிர்க்காதீர்கள்

குரல் தணிவதற்குக் காரணங்கள் பல. பார்க்கின்சனில் பேச்சுத் தசைகளின் அசைவு சுருங்கிவிடுகிறது. தைராய்டு அறுவைச் சிகிச்சையில் குரல்வளைக்குச் செல்லும் நரம்பு பாதிக்கப்பட்டால் ஒரு பக்கக் குரல்நாண் அசையாமல், காற்று ஒழுகும் குரலாகிவிடுகிறது. தசைச் சிதைவு நோயிலும், கழுத்துத் தண்டுவடக் காயத்திலும் மூச்சை வெளியே தள்ளும் தசைகள் வலுவிழப்பதால் குரலுக்கு அடித்தளமே குறைகிறது. மையஸ்தீனியா கிராவிஸ் நோயில் பேசத் தொடங்கும்போது நன்றாக இருக்கும் குரல், பேசப் பேசத் தேய்ந்துபோகும். காரணத்துக்கு ஏற்பச் சிகிச்சை உண்டு. அசையாத குரல்நாணை நடுப்பக்கம் நகர்த்திக் குரலை மீட்கும் சிகிச்சைகளும் இருக்கின்றன. காரணம் தெரியாமல் நான்கு வாரங்களுக்கு மேல் குரல் கம்மியிருந்தால் காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் குரல்வளையைக் காட்டிவிட வேண்டும். குரல் தணிவோடு மூச்சுத் திணறலோ விழுங்குவதில் சிரமமோ திடீரென்று சேர்ந்தால், கருவியைப் பற்றி யோசிக்காமல் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

பார்க்கின்சனுக்கு என்றே எல்.எஸ்.வி.டி. லவுட் என்ற பேச்சுப் பயிற்சி முறை உள்ளது. வாரத்துக்கு நான்கு நாள், நாளுக்கு ஒரு மணி நேரம் என நான்கு வாரங்களில் பதினாறு அமர்வுகள். "உரக்கப் பேசு" என்ற ஒரே இலக்கை மனத்தில் பதிய வைப்பதுதான் அதன் சாரம். அந்தப் பயிற்சியால் கருவியே தேவைப்படாமல் போனவர்களும் உண்டு; பயிற்சியும் கருவியும் சேர்ந்து தேவைப்பட்டவர்களும் உண்டு. அப்பா இரண்டாம் வகை. சென்னையை அடுத்த முட்டுக்காட்டில் உள்ள, பல்வகை மாற்றுத்திறன் கொண்டோருக்கான தேசிய நிறுவனத்திலும், மைசூரில் உள்ள அகில இந்தியப் பேச்சு மற்றும் கேட்டல் நிறுவனத்திலும் பேச்சுப் பயிற்சித் துறைகள் இருக்கின்றன. பெரிய மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகள் பலவற்றிலும் கேட்டுப் பார்க்கலாம்.

மூன்றாம் படி: மைக்கைத் தேர்ந்தெடுத்தல்

கருவியில் மைக், பெருக்கி, ஸ்பீக்கர், பேட்டரி என நான்கு உறுப்புகள் உண்டு. கடைக்காரர் பெட்டியைத்தான் புகழ்வார். நீங்கள் மைக்கைப் பாருங்கள்.

ஒலியின் கணக்கு எளியது. மைக்குக்கும் வாய்க்கும் இடையே உள்ள தூரம் பாதியாகும்போதெல்லாம் மைக்கில் விழும் குரல் ஏறத்தாழ 6 டெசிபெல் (ஒலி அளவைக் குறிக்கும் அலகு) கூடும். சட்டைக் காலரில் 16 சென்டிமீட்டர் தள்ளிக் குத்தியிருக்கும் மைக்கை, தலையில் மாட்டும் தண்டு மைக்காக மாற்றி 4 சென்டிமீட்டருக்குக் கொண்டுவந்தால், தூரம் இருமுறை பாதியாகிறது; 12 டெசிபெல் கிடைத்துவிடுகிறது. அதே 12 டெசிபெல்லைப் பெட்டியின் ஆற்றலைக் கூட்டிப் பெற வேண்டுமானால் பதினாறு மடங்கு வேண்டும்: 5 வாட் பெட்டிக்குப் பதில் 80 வாட் பெட்டி. அப்படியே 80 வாட்டைத் தூக்கிக்கொண்டு நடந்தாலும் பயனில்லை. தூரத்து மைக் மின்விசிறியையும் மிக்ஸியையும் தெருவையும் சேர்த்து உள்வாங்கி அவற்றையும் பதினாறு மடங்காக்கும். குரல் வலுவாக உள்ள ஆசிரியருக்குக் காலர் மைக் போதும். தணிந்த குரலுக்குப் போதாது.

ஆகவே பெரும்பாலோருக்கு ஏற்றது காதிலோ பின்கழுத்திலோ தங்கி, மெல்லிய தண்டின் முனையில் வாயோரம் வந்து நிற்கும் மைக்தான். ஒரு பக்க ஒலியை மட்டும் அதிகமாக ஏற்கும் ஒருதிசை மைக்காக இருந்தால் நல்லது. வாய்க்கு நேர் எதிரில் வைக்கக் கூடாது. "ப"கரமும் "ட"கரமும் வெடிப்பாக விழும், எச்சிலும் படும். உதட்டின் ஓரத்துக்குச் சற்றுப் பக்கவாட்டில், இரண்டு விரல்களைப் படுக்கையாக வைத்து அளந்து நிறுத்துங்கள். கண்ணாடியும் காது கேட்கும் கருவியும் அணிபவருக்குக் காதின் மேல் மூன்றாவதாக ஒன்றுக்கு இடம் இருக்காது. அவர்களுக்குப் பின்கழுத்து வளையமே வசதி. தலை நடுக்கம் உள்ளவர்களுக்கும் தலையோடு சேர்ந்து அசையும் தண்டு மைக்கே மேல், ஏனெனில் காலரில் குத்திய மைக்கோடு உள்ள தூரம் தலை ஆடும்போதெல்லாம் மாறி, குரல் ஏறி இறங்கும். அதோடு துண்டு உரசும் சத்தம் வேறு.

தொண்டையில் பட்டையாகக் கட்டும் மைக்கும் விற்பனையில் உண்டு. சந்தை இரைச்சலில் அது நன்றாக உழைக்கிறது, ஏனெனில் அது காற்றில் வரும் ஒலியை எடுப்பதில்லை. குரல்வளையின் அதிர்வைத் தோலின் வழியே எடுக்கிறது. அதன் குறையும் அதுவே. ச, ற்ற, த்த போன்ற ஒலிகள் வாயில் நாக்கும் பல்லும் சேர்ந்து உருவாக்குபவை. அவை தொண்டையில் அதிர்வதில்லை. அதனால் போர்வைக்குள்ளிருந்து பேசுவதுபோல் கேட்கும். குரல்நாண் சரியாக அதிராதவர்களுக்கு எடுப்பதற்கு அதிர்வே இருக்காது. வாங்குவதற்கு முன் கட்டாயம் கட்டிப் பார்க்க வேண்டிய பொருள் இது.

கம்பியா, கம்பியில்லாததா? கம்பி இல்லாமல் இருந்தால் வசதிதான். ஆனால் புளூடூத் மைக்கைத் தவிர்க்கச் சொல்வேன். புளூடூத்தில் குரல் ஸ்பீக்கருக்கு வந்து சேரப் பெரும்பாலும் நூறு, இருநூறு மில்லிவினாடி தாமதமாகும். தம் குரலே சற்றுப் பிந்தித் திரும்பக் கேட்டால் நல்ல பேச்சாளரும் தடுமாறுவார். மொபைல் செயலியை மைக்காக்கி புளூடூத் ஸ்பீக்கரில் பேசலாம் என்ற யோசனையும் இதனாலேயே உதவாது. தமக்கென்று தனி அலைவரிசை இணைப்போடு வரும் கம்பியில்லா மைக்குகளில் இந்தத் தாமதம் பொதுவாகத் தெரியாது. எங்கள் வீட்டில் கடைசியில் நிலைத்தது கம்பி மைக்தான். சார்ஜ் போட வேண்டிய பொருள் ஒன்று குறைந்தது.

நான்காம் படி: பெட்டியை வாங்குதல்

அட்டைப் பெட்டியின் மேல் 30 வாட், 50 வாட் என்று அச்சிட்டிருப்பதைப் பொருட்படுத்த வேண்டாம். அவை பெரும்பாலும் கணநேர உச்ச அளவைக் காட்டும் விளம்பரக் கணக்கு. சாதாரண உரையாடல் ஒரு மீட்டர் தொலைவில் ஏறத்தாழ 60 டெசிபெல். அதை எட்ட உண்மையான ஒரு வாட்டே மிகுதி. வீட்டுக்கும் கடைத்தெருவுக்கும் 5 வாட் கருவி தாராளமாகப் போதும். சிறு கூடத்தில் இருபது முப்பது பேரிடம் பேசுவதற்கு 10 வாட். இதற்கு மேல் வாங்குவது எடையைத்தான் கூட்டும். கழுத்துத் தசை வலுவிழந்தவருக்குக் கழுத்தில் தொங்கும் முந்நூறு கிராமும் மாலைக்குள் சுமையாகிவிடும் என்பதால், இடுப்புப் பட்டையோ சக்கர நாற்காலியில் மாட்டும் வாரோ உள்ளதா என்று பாருங்கள். கையில் பிடித்துப் பேசும் கூம்பு மெகாபோன் வேண்டவே வேண்டாம். பழைய பேப்பர் வண்டிக்கு உகந்த குரலை அது தரும், சாப்பாட்டு மேசைக்கு உகந்ததை அல்ல.

பயன்படுத்தப் போகிறவரைக் கூடவே கடைக்கு அழைத்துச் செல்லுங்கள். ஒலியைக் கூட்டிக் குறைக்கும் திருகு நடுங்கும் விரலுக்கு அகப்படுகிறதா, பொத்தானைப் பார்க்காமலே தடவிக் கண்டுபிடிக்க முடிகிறதா, மைக் கம்பியின் முனையில் உள்ள செருகியை, அதாவது பின்னைக் கழற்றி மாட்டும் வலு அவர் கையில் இருக்கிறதா என்பவை விலையைவிட முக்கியம். கூட்டு, குறை என்று ஒரே அளவில் இரண்டு சிறு பொத்தான்கள் மட்டும் உள்ள கருவி அப்பாவுக்கு ஒத்துவரவில்லை. ஒருமுறை அழுத்த நினைத்தால் விரல் நான்கு முறை அழுத்திவிடும். பெரிய உருளைத் திருகு உள்ளது வந்த பிறகுதான் அவர் யாரையும் எதிர்பாராமல் தாமே இயக்கினார். கடைக்குள் நாலு அடி தள்ளி நின்று, கண்ணை மூடிக்கொண்டு கேளுங்கள். உதட்டசைவைப் பார்த்தால் காது ஏமாந்துவிடும்.

இணையத்தில் வாங்குவதாயின் திருப்பி அனுப்பும் காலம் எத்தனை நாள் என்று பார்த்துவிட்டு வாங்குங்கள். மாற்று மைக் தனியாகக் கிடைக்கிறதா என்பதையும் பார்க்க வேண்டும், ஏனெனில் முதலில் பழுதாவது மைக் கம்பிதான். நான் ஒருமுறை அவசரத்தில் மொபைல் ஹெட்செட் ஒன்றை வாங்கி மாட்டினேன். ஒரு சத்தமும் வரவில்லை. செருகும் பின்னில் மூன்று கறுப்பு வளையங்கள் இருந்தால் அது மொபைலுக்கானது. இந்தப் பெட்டிகள் பெரும்பாலும் ஒன்றோ இரண்டோ வளையம் உள்ள பின்னைத்தான் ஏற்கும். பழுதான கருவி என்று திருப்பி அனுப்பப் போனவன், வளையத்தை எண்ணிய பிறகு அசட்டுச் சிரிப்போடு நிறுத்திக்கொண்டேன்.

ஐந்தாம் படி: அணிவதும், கூவலை அடக்குவதும்

முதல் நாள் வரிசை இது. ஒலித் திருகைப் பூஜ்யத்தில் வையுங்கள். மைக்கை மாட்டி, இரண்டு விரற்கடை அளந்து நிறுத்துங்கள். பெட்டியை இடுப்பில், ஸ்பீக்கர் முன்பக்கம் பார்க்கக் கட்டுங்கள். அதன் பிறகே இயக்குங்கள். அவர் பேசிக்கொண்டிருக்க, ஒலியை மெல்லக் கூட்டிக்கொண்டே போங்கள். ஓர் இடத்தில் "கொய்ங்ங்" என்று கூவத் தொடங்கும். அந்த இடத்திலிருந்து சற்றே கீழே இறக்கி நிறுத்துங்கள். அந்த இடத்தை நகப்பூச்சால் திருகின் மேல் ஒரு புள்ளியிட்டுக் குறித்துவிட்டால் மறுநாள் தேட வேண்டியதில்லை.

கூவுவதற்குக் காரணம், ஸ்பீக்கரிலிருந்து வரும் ஒலி மீண்டும் மைக்குக்குள் புகுந்து, பெரிதாகி, மீண்டும் புகுந்து சுழல்வதுதான். ஆகவே மைக்கும் ஸ்பீக்கரும் ஒன்றையொன்று பார்க்கக் கூடாது. இரண்டுக்கும் இடையே தூரம் வேண்டும். கழுத்தில் தொங்கவிடும் மாதிரிகளில் இந்தத் தூரம் ஒரு சாண்கூட இல்லை என்பதால் அவை சீக்கிரம் கூவும். சக்கர நாற்காலியில் இருப்பவர்களுக்குக் கைத்தாங்கியின் முன்முனையில் வெளிநோக்கி மாட்டலாம். படுக்கையில் இருப்பவருக்கு ஸ்பீக்கரைக் கால்மாட்டில் வைப்பது ஏற்றது. சுவரைப் பார்த்து அமர்ந்து பேசினால் சுவர் ஒலியைத் திருப்பி அனுப்பும். டைல்ஸ் பதித்த, எவர்சில்வர் பாத்திரங்கள் அடுக்கிய சமையலறையில் இன்னும் மோசம். நாற்காலியைத் திருப்பிப் போட்டால் பாதிக் கூவல் போய்விடும். கூவும்போது பதறிப்போய் மைக்கைக் கையால் பொத்துகிறவர்கள் அதிகம். பொத்தினால் மைக் தன் ஒருதிசைத் தன்மையை இழந்து இன்னும் உரக்கக் கூவும். ஒலியைக் குறையுங்கள், அல்லது பெட்டியைத் திருப்புங்கள்.

கனத்த ஒலியைக் குறைக்கும் வசதி கருவியில் இருந்தால் பயன்படுத்துங்கள். சொல்லின் தெளிவு மெய்யெழுத்துகள் ஒலிக்கும் உயர் அலைவரிசையில்தான் அதிகம் இருக்கிறது. கனமான முழக்கம் கேட்க நன்றாக இருக்கும், புரிவதற்கு உதவாது. எதிரொலி கூட்டும் பொத்தான் இருந்தால் அணைத்து வையுங்கள்.

ஆறாம் படி: பேசுபவர் பழகுதல்

வாங்கிய கருவி அலமாரிக்குப் போவது பெரும்பாலும் இந்தப் படியில்தான்.

முதல் நாள் அப்பா மைக்கை மாட்டிக்கொண்டு "காபி" என்றதும் சமையலறையிலிருந்து அம்மா ஓடி வந்து, "என்னங்க இது, வீட்டுக்குள்ள கட்சிக் கூட்டமா?" என்று சிரித்துவிட்டார். அந்த ஒரு சிரிப்புக்கு இரண்டு வாரம் கருவி மூலையில் கிடந்தது. வீட்டில் உள்ளவர்களுக்கு முன்கூட்டியே சொல்லி வைப்பதும் வழிகாட்டியின் ஒரு பகுதியே என்று அப்போது எனக்குத் தெரியவில்லை. பிறகு அம்மாதான் அந்த மைக்கைத் தம் கையால் எடுத்துவந்து மாட்டிவிட்டார். அவருக்கும் காது சற்று மந்தம், அதனால் நட்டம் அவருக்கும்தான்.

பார்க்கின்சன் உள்ளவர்களிடம் இன்னொரு சிக்கல் உண்டு. தம் குரலின் அளவை அவர்களுடைய மூளை தவறாக மதிப்பிடுகிறது. மற்றவருக்குக் கேட்காத அளவில் பேசும்போதே சரியான அளவில் பேசுவதாகவும், சரியான அளவில் பேசினால் கத்துவதாகவும் உணர்கிறார்கள். ஆகவே கருவியை இயக்கியதும் "ரொம்பச் சத்தம்" என்று குறைத்துவிடுவார்கள். வாதாடிப் பயனில்லை. கேட்பவர் இடத்தில் மொபைலை வைத்துப் பதிவு செய்து அவருக்கே போட்டுக் காட்டுங்கள். அப்பா தம் பதிவைக் கேட்ட பிறகு வாய்திறந்து ஒன்றும் சொல்லவில்லை. திருகை நகப்பூச்சுப் புள்ளிக்கு அவரே திருப்பினார்.

இதோடு சேர்ந்த மற்றொன்று. இரைச்சலில் மனிதர் தாமறியாமல் குரலை உயர்த்துவர் என்பதைப் பிரெஞ்சு மருத்துவர் எத்தியென் லொம்பார் 1911-இல் எழுதினார். அதன் மறுபக்கமும் உண்மை: தம் குரல் தம் காதில் பெரிதாகக் கேட்டால் மனிதர் தாமறியாமல் குரலைத் தாழ்த்துவர். ஸ்பீக்கர் பேசுபவரின் காதை நோக்கி இருந்தால், கருவி எவ்வளவு கூட்டுகிறதோ அந்த அளவுக்கு அவர் குறைத்துவிடக் கூடும். எனவே ஸ்பீக்கர் எப்போதும் கேட்பவரை நோக்கியே இருக்கட்டும். மேசையில் வைத்தால் எதிரே தள்ளி வையுங்கள்.

பழகுவதற்கு நாள்தோறும் பத்து நிமிடம் செய்தித்தாள் தலைப்புகளை வாசிக்கச் செய்யலாம். ஒரு மூச்சுக்கு நான்கைந்து சொல், பிறகு நிறுத்தி மூச்சு எடுத்து அடுத்த நான்கைந்து சொல். வாக்கியத்தின் வால் தேயாமல் இருக்க இதுவே வழி. தமிழில் வினைமுற்று கடைசியில் வருவதால், வால் தேய்ந்தால் வந்தாரா, வரவில்லையா என்பதே தெரியாமல் போய்விடும். கிசுகிசுப்பாகப் பேசிக் கருவியை நம்புவது கூடாது. கிசுகிசுப்பு வெறும் காற்றொலி. அதைப் பெருக்கினால் இரைச்சல்தான் பெருகும். கருவி இருந்தாலும் சற்று முயன்று, குரல் எழுப்பியே பேச வேண்டும். அதே நேரத்தில் தொண்டையை இறுக்கிக் கத்த வேண்டிய தேவை குறைவதால் களைப்பு குறையும். குரல் கெட்ட ஆசிரியர்களிடம் நெல்சன் ராயும் உடன் ஆய்வாளர்களும் நடத்தி 2002-இல் வெளியிட்ட ஆய்விலும் குரல்பெருக்கி அணிந்தவர்களுக்குப் பலன் கிடைத்தது. பேசப் பேசக் களைக்கும் நோய் உள்ளவர்கள், களைத்த பிறகு அல்லாமல் பேச்சின் தொடக்கத்திலிருந்தே கருவியை அணிவது நல்லது.

இருமலுக்கும் விழுங்குவதற்கும் மைக்கை அணைக்கப் பழக்குங்கள். கழிவறைக்குப் போகும்போதும்தான், ஒருமுறை மறந்தால் அதன் பிறகு யாரும் மறப்பதில்லை. அந்தரங்கமாகப் பேச வேண்டியதற்குக் கருவியைக் கழற்றி வைத்து, கேட்பவர் அருகே போய் அமர்வதே முறை. இரவில் கம்பி மைக்கைக் கழுத்தில் விட்டு உறங்கக் கூடாது. ராத்திரி கூப்பிடுவதற்குத் தலைமாட்டில் ஓர் அழைப்பு மணியே போதும்.

ஏழாம் படி: வீட்டுக்கு வெளியே

வங்கியிலும் பயணச்சீட்டு மையத்திலும் கண்ணாடித் தடுப்பு இருக்கும் இடங்களில் இடுப்பில் உள்ள ஸ்பீக்கர் மரப்பலகையைப் பார்த்துப் பேசிக்கொண்டிருக்கும். பெட்டியைக் கழற்றிக் கண்ணாடியின் கீழ்த் துவாரத்துக்கு அருகே வைத்தால் உள்ளே கேட்கும். ஆட்டோவிலும் பேருந்திலும் ஓட்டுநரிடம் இறங்கும் இடத்தை வண்டி நிற்கும்போது சொல்வது எளிது. கல்யாண மண்டபத்தில் நாதசுவரமும் தவிலும் முழங்கும்போது எந்தக் கருவியும் உதவாது; சாப்பாட்டுக் கூடத்திலோ வாசலிலோ போய்ப் பேச வேண்டியதுதான்.

தொலைபேசிக்குக் குரல்பெருக்கியே தேவையில்லை. மொபைலைக் கையில் தள்ளிப் பிடித்து ஸ்பீக்கரில் பேசுவதுதான் அங்கே கேடு. மைக் உள்ள கம்பி இயர்போனை மாட்டி, அதன் மைக்கை வாயருகே பிடித்தால் வெளிநாட்டில் உள்ள பேரனுக்கும் கேட்கும்.

வேலை பார்ப்பவர்களுக்கு ஒரு குறிப்பு. மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம், 2016 பட்டியலிடும் 21 வகைகளில் பேச்சு மற்றும் மொழிக் குறைபாடு, பார்க்கின்சன் நோய், தசைச் சிதைவு நோய், மல்டிபிள் ஸ்கிளீரோசிஸ் ஆகியவை உண்டு. தேவைக்கேற்ற நியாயமான வசதி செய்து தருவது என்ற கருத்தும் அச்சட்டத்தில் இருக்கிறது. வகுப்பிலோ கூட்டத்திலோ வாய்மொழித் தேர்விலோ கருவியைப் பயன்படுத்த எழுத்தில் அனுமதி கேட்கும்போது இதைக் குறிப்பிடலாம்.

எட்டாம் படி: பராமரிப்பு

மைக் முனையின் பஞ்சுக் குமிழை வாரம் ஒருமுறை சோப்பு நீரில் அலசி, முழுதும் உலர்த்தி மாட்டுங்கள். எச்சில் ஒழுகும் சிக்கல் உள்ளவருக்கு இரண்டு நாளுக்கு ஒருமுறை. நாலைந்து குமிழ்கள் கூடுதலாக இருக்கட்டும். கம்பியைப் பெட்டியில் இறுக்கிச் சுற்றாதீர்கள்; பின்னுக்கு அருகில்தான் உள்ளே அறுந்துபோகும், "கரகர" என்று விட்டுவிட்டு ஒலித்தால் அதுதான் அறிகுறி. சார்ஜ் ஏறும்போதே பேசினால் சில கருவிகளில் "உம்ம்" என்ற இரைச்சல் வரும். இரவில் சார்ஜ் போட்டுக் காலையில் எடுப்பது நல்லது. பெட்டியின் முதுகு உப்பியிருந்தால் உள்ளே பேட்டரி வீங்கியிருக்கிறது என்று பொருள். அதற்கு மேல் அதைப் பயன்படுத்தக் கூடாது. வெயிலில் நிற்கும் காருக்குள் கருவியை விட்டுவராதீர்கள்.

கருவி போதாத நாளுக்கு

சில நோய்களில் ஒலியோடு தெளிவும் காலப்போக்கில் குறையும். தசைகளை இயக்கும் நரம்பணுக்கள் மெல்ல அழியும் இயக்க நரம்பணு நோய் உள்ளவர்கள் குரல் நன்றாக இருக்கும்போதே தம் குரலில் அன்றாட வாக்கியங்களையும், பேரப்பிள்ளைகளின் பெயர்களையும் பதிவு செய்து வைத்துக்கொள்ள வேண்டும். பின்னர் தேடினால் கிடைக்காது. முதல் படியில் சொன்ன சோதனையை ஆறு மாதத்துக்கு ஒருமுறை அதே இருபது சொற்களோடு செய்து, பழைய பதிவோடு ஒப்பிட்டுப் பாருங்கள். எண் இறங்கிக்கொண்டே வந்தால் குரல்பெருக்கியோடு எழுத்து அட்டை ஒன்றும் தயாராகட்டும்.

தமிழுக்கு அந்த அட்டை எளிது. 247 எழுத்தையும் எழுத வேண்டாம். உயிர் 12, மெய் 18, மொத்தம் 30 கட்டங்கள். மெய்யைத் தொட்டு உயிரைத் தொட்டால் உயிர்மெய் வந்துவிடும். சொல்லும் சொல்லின் முதல் எழுத்தை மட்டும் அட்டையில் தொட்டுவிட்டு வாயால் சொன்னாலே கேட்பவருக்கு ஊகம் பெருமளவு சுருங்கிவிடுகிறது. ஆம், இல்லை, அழி என்று மூன்று கட்டங்களைக் கூடுதலாக வையுங்கள்.

நான் எழுதிய முதல் அட்டையை அப்பா சோதித்த நாளில் பெட்டியின் பேட்டரி தீர்ந்துபோயிருந்தது. சார்ஜ் போடச் சொல்ல வந்தவர் "ச", "ஆ", "ர்" வரை தொட்டார். பிறகு விரல் அட்டை முழுவதும் அலைந்து, "ஜ" இல்லாததைக் கண்டு, "அழி" கட்டத்துக்குப் போயிற்று. அடுத்து நிதானமாக "மின்னேற்று" என்று எழுத்து எழுத்தாகத் தொட்டு முடித்துவிட்டு என்னைப் பார்த்தார். அன்று மாலையே ஜ, ஷ, ஸ, ஹ என்ற நான்கும் அட்டையின் கடைசி வரிசையில் சேர்ந்தன.